முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

யோகா சொல்லிக்கொடுப்பதற்கென்று இந்தியாவில் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருந்த பெண் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஒலிம்பியா டெக் பார்க்கில் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். முதுகுவலிக்காக யோகா கற்கப் போய், அதிலேயே ஊறி, வேலையை விட்டுவிட்டு இப்போது சென்னை ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஒரு யோகா சென்டர் ஆரம்பிக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறார். யாரோ என் பெயரைச் சொல்லி, "அவர் கணக்கு, லைசென்ஸ் எல்லாம் பார்ப்பார்" என்று அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

"அப்போ ஆயுஷ் சர்டிஃபிகேட்னு சொல்றாங்களே, சார்?"

அது இருக்கிறது. ஆயுஷ் அமைச்சகம் 2018-ல் யோகா சான்றிதழ் வாரியம் ஒன்றை அமைத்தது. தேர்வு எழுதி, செய்து காட்டி, பல நிலைகளில் சான்றிதழ் வாங்கலாம். வாங்கி மாட்டினால் வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும், அரசுப் பள்ளியிலோ பூங்காவிலோ வகுப்பெடுக்க அழைப்பு வந்தால் உதவும். ஆனால் அது விருப்பத்தின் பேரில் வாங்குவது. அது இல்லாமல் வகுப்பெடுத்தால் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2020-ல் இந்திய மருத்துவ முறைகளுக்காகக் கொண்டுவந்த தேசிய ஆணையச் சட்டம்கூட ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா என்று எடுத்துக்கொண்டு யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் வெளியே விட்டுவிட்டது.

"அப்போ பிரச்சினையே இல்லையே!"

"அவசரப்படாதேம்மா. சட்டம் கண்டுகொள்ளாதது யோகாவைத்தான். யோகா நடக்கிற கட்டடத்தை விடாது. நீ பேசுற பேச்சை விடாது. மாணவர் மேல நீ வைக்கிற கையையும் விடாது."

மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருந்தார். போனில் படங்களைக் காட்டினார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தே போய்ப் பார்த்தோம். காகிதங்களைப் பற்றிக் கேட்க வந்தவரைக் கட்டடம் பார்க்க ஏன் கூட்டிப்போனேன் என்றால், இந்தத் தொழிலில் வருகிற சட்டச் சிக்கலில் பெரும்பகுதி, அட்வான்ஸ் கொடுத்து சாவி வாங்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. பிறகு எத்தனை காகிதம் வாங்கினாலும் அதை மாற்ற முடியாது.

முதல் இடம் ஒரு அடித்தளம். ஏசி இருக்கிறது, வெளிச் சத்தம் இல்லை, வாடகையும் குறைவு. தரையில் மஞ்சள் கோடுகள் அழிந்தும் அழியாமலும் தெரிந்தன. கார் நிறுத்தப் போட்ட கோடுகள். அங்கேயே பேச்சு முடிந்துவிட்டது. கட்டட அனுமதி வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிவிட்டு அங்கே ஆட்களைக் கூட்டி வகுப்பு நடத்துவது விதிமீறல். சீல் வைத்தால் ஓனருக்கு ஒரு தளம் போகும், உங்களுக்குத் தொழிலே போகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாற்றில் வந்தபோது ஜாபர்கான்பேட்டையும் ஈக்காட்டுத்தாங்கலும் வெள்ளத்தில் என்ன ஆயின என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் டெல்லி ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆற்றோரப் பகுதியில் கண்ணை மூடிச் சவாசனத்தில் படுத்திருப்பவர்களை அடித்தளத்தில் வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சட்டம் ஒப்புக்கொண்டாலும்.

இரண்டாவது, மொட்டைமாடி. மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் இல்லை. மேலே கீற்றுக் கொட்டகை, மூங்கில் தட்டி, நடுவில் ஒரு நடராஜர் சிலை. காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் விசாரிப்பார்கள், சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

நான் கொட்டகையின் மூலையைக் காட்டினேன். ஓலைக்கு ஒரு முழம் கீழே ஃபேனுக்கு ஒயர் இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் விளக்கேற்றும் மாடம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக்கூரையில் பிடித்த தீயால்தான். அதற்குப் பிறகு ஆட்கள் கூடுமிடத்தில் ஓலைக்கூரையைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்காரர் எதுவும் கேட்கவே வேண்டாம், முகமே சொல்லிவிடும். கீழே இறங்க ஒரே படிக்கட்டு, அதிலும் பாதி அகலத்துக்குத் துளசித் தொட்டியும் பழைய சைக்கிளும். இருபது பேர் ஒரே நேரத்தில் அதில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

மொட்டைமாடிக்கு இன்னொரு வம்பும் உண்டு. காலை ஐந்தரை மணி பேட்ச். மைக்கில் "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று சொன்னால் தெருவே இழுக்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் வரம்பு. ஆறு மணிக்கு முன்னால் வாயால் சொல்லுங்கள், மைக் வேண்டாம். யோகா சென்டருக்கு முதல் இன்ஸ்பெக்டர் கார்ப்பரேஷனிலிருந்து வருவதில்லை, பக்கத்து வீட்டு மாடியிலிருந்துதான் வருகிறார். சத்தத்துக்கும், அவர் வீட்டு கேட் முன்னால் நிற்கும் ஸ்கூட்டிக்கும் அவர் எழுதுகிற மனுவை வைத்துத்தான் மற்ற எல்லா ஆபீஸும் விழித்துக்கொள்கிறது.

இறங்கும்போது படிக்கட்டுக்கடியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வீட்டு இணைப்பு. இது எல்லோரும் சறுக்குகிற இடம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கட்டணமும் குறைவு. அதில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவின் கீழ் அனுமதியற்ற பயன்பாடு என்று கணக்கிட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் "வணிக மீட்டருக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஓனர் எழுதிக்கொடுக்க வேண்டும். இணைப்பு அவர் பெயரில், அபராதம் வந்தால் அவர் கை உங்கள் பக்கம் நீளும்.

மூன்றாவது இடம் தரைத்தளம். சாதாரண ஹால், சுமார் 600 சதுர அடி. பார்க்க அழகாக ஒன்றுமில்லை. இதற்கு முன்னால் டியூஷன் சென்டராக இருந்ததாம், சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டிய தடம்கூட இருந்தது. எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. ஆனால் வாசலில் நாலு படி.

இந்த நாலு படியில்தான் ஈக்காட்டுத்தாங்கலின் கதை இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து இந்தப் பக்கத்தில் பலரும் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். தண்ணீருக்குப் போட்ட தடுப்பு சக்கர நாற்காலிக்கும் தடுப்பாகிவிட்டது. மெட்ரோ ஸ்டேஷன் 2015 ஜூனில் திறந்தபோதே லிஃப்டோடும் சாய்தளத்தோடும்தான் திறந்தது. ஒருவர் சக்கர நாற்காலியில் கோயம்பேட்டில் ஏறி, ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கி, நடைபாதைக் குழிகளையும் சமாளித்து உங்கள் வாசல்வரை வந்துவிடலாம். வந்து நாலு படிக்குக் கீழே நிற்பார்.

"சார், இது தனியார் இடம்தானே? அதெல்லாம் கவர்மென்ட் ஆபீஸுக்குத்தானே?"

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடம் என்பதற்குத் தருகிற விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். அரசோ தனியாரோ, பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எதுவும் அதில் அடங்கும். வணிகம், பொழுதுபோக்கு, உடல்நலச் சேவை என்று பெயர் சொல்லியே இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு அணுகல் வசதி இல்லாமல் அனுமதி தரக்கூடாது, பழைய கட்டடங்களை விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது சட்டம். விதிகள் வந்தது 2017-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி நடந்தால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று 15(1)-ஆம் விதியைச் செல்லாது என்றது. கட்டாயமான குறைந்தபட்ச விதிகளைத் தனியாக வகுக்கவும் உத்தரவிட்டது. அதனால் "இப்போது யாரும் கேட்பதில்லையே" என்று இருக்க வேண்டாம். கேட்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் இடம் பார்க்கும்போதே முடிவெடுக்கலாம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அந்த வாசலின் உயரம் இரண்டு அடி. ஆக 24 அடி நீளம் வேண்டும், அகலம் குறைந்தது நாலு அடி, இருபக்கமும் கைப்பிடி. அரை கிரவுண்டு மனையில் வீட்டு முன்னால் 24 அடி எங்கே இருக்கும்? சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், மூன்றே அடியில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் போட்டு அதைத் தெருவுக்கு நீட்டிவிடுகிறார்கள். அதில் ஸ்கூட்டி ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. ஏற்ற முயன்றால் பின்பக்கமாகக் கவிழும். மழைநீர் வடிகால் மேல் நீட்டியிருந்தால் கார்ப்பரேஷன் ஜேசிபி வந்து இடித்துவிட்டும் போகும். இந்த வீட்டில் நல்ல வேளையாகப் பக்கவாட்டில் நாலு அடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒரு சந்து பின்கதவுவரை போகிறது. டேப் வைத்து அளந்தோம். சாய்தளத்தை அந்தச் சந்திலேயே போட்டுக்கொள்ளலாம். பின்கதவு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி திறக்க வேண்டும், திறக்கிறது. கழிப்பறைக் கதவு திறக்கவில்லை. இரண்டடிதான். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், அதுவும் இல்லை. சுவர் ஒன்றை இடிக்க வேண்டியிருக்கும். அது ஓனரோடு பேச வேண்டிய விஷயம், அட்வான்ஸுக்கு முன்னால்.

சக்கர நாற்காலியோடு இது முடிவதில்லை. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, 2016 சட்டத்தில் 21. பார்வையற்றவர் வந்தால் "இப்படிச் செய்யுங்கள்" என்று செய்து காட்டுவது பயன்படாது, வலது முழங்கை எங்கே போக வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். காது கேளாதவர் வந்தால் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே போக முடியாது. முட்டி மடக்க முடியாத அறுபது வயதுக்காரர்கள்தான் இந்தப் பகுதியில் காலை பேட்ச்சை நிரப்பப் போகிறவர்கள். அவர்களுக்குக் கையில்லாத நாற்காலி பத்து வாங்கிப் போட்டால் போதும். கயிறு, மரக்கட்டை, நாற்காலி எல்லாம் வைத்து ஆசனத்தை உடம்புக்குத் தகுந்தபடி வளைத்துக் காட்டியவர் பி.கே.எஸ். ஐயங்கார். நாற்காலி போட்டால் யோகா கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லலாம்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று கேட்டார். பாய் விரித்துப் பார்த்து 25 பேர் என்று கணக்குப் போட்டிருந்தார். கொரோனாவுக்குப் பிறகு 2020 ஆகஸ்டில் யோகா மையங்களைத் திறக்க மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலில் ஓர் ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்று இருந்தது, அதாவது 43 சதுர அடி. 600 சதுர அடிக்கு 13 பேர். அந்த வழிகாட்டுதலில் சிரிப்பு யோகாவைத் தவிர்க்கவும் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் சிரிக்கவும் தடை இருந்திருக்கிறது. இன்றைக்கு அது நடைமுறையில் இல்லை என்றாலும் அந்த 43 சதுர அடி நல்ல அளவு. கையை நீட்டினால் அடுத்தவர் மூக்கில் படாது, அவசரத்துக்கு நடுவில் ஓடவும் வழி இருக்கும்.

காகிதங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சியின் தொழில் உரிமம். சொத்து வரி வணிகப் பயன்பாட்டுக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. தொழில் வரி. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு இருந்தால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் பதிவு, இஎஸ்ஐ. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளத்தைப் பார்த்தால் மூடிவிடுங்கள். போர்டு தமிழில் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஆங்கிலம் அதற்குக் கீழே, சிறிதாக. முழுக்க ஆங்கிலத்தில் டிசைன் செய்து வைத்திருந்தார், முகம் வாடிவிட்டது. இன்னொன்று, 2021-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். ஊருக்கெல்லாம் உட்காரச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் ரிசப்ஷன் பெண்ணை நிற்க வைக்காதீர்கள்.

ஜிஎஸ்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாம். மாதம் ஓர் ஆளுக்கு 2,000 ரூபாய் என்றால் 83 பேர்வரை. கௌரவத்துக்காக முன்கூட்டியே பதிகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. யோகா, ஜிம், சலூன் போன்றவற்றுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது, ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல். அதோடு, ஓனர் ஜிஎஸ்டியில் பதியாதவராகவும் நீங்கள் பதிந்தவராகவும் இருந்தால், கடை வாடகைக்கான 18 சதவீதத்தை 2024 அக்டோபரிலிருந்து நீங்களே கட்ட வேண்டும். வாடகை 50,000 என்றால் மாதம் 9,000. அதைத் திரும்பக் கழிக்கவும் முடியாது. பதியாமல் இருந்தால் இந்த 9,000 கிடையாது. வரம்பை நெருங்கும்போது பதிந்தால் போதும்.

"ட்ரஸ்ட் ஆரம்பிச்சு, ஃபீஸுக்குப் பதிலா டொனேஷன்னு வாங்கினா வரியே இல்லைன்னு ஒருத்தர் சொன்னார், சார்."

அந்த ஒருத்தர் எல்லா ஊரிலும் இருக்கிறார். வருமான வரிச் சட்டத்தில் 2015-ல் யோகாவை அறக்காரியங்களில் ஒன்றாகச் சேர்த்தது உண்மை. முறைப்படி பதிவுபெற்ற அறக்கட்டளை யோகாவை வளர்க்கச் செய்யும் பணிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதும் உண்மை. ஆனால் பெயரை மாற்றினால் பணம் மாறாது. பதஞ்சலி யோகபீட ட்ரஸ்ட் 2006 முதல் 2011 வரை நடத்திய முகாம்களுக்கு வாங்கிய தொகையை நன்கொடை என்றது. டிக்கெட் தொகைக்கு ஏற்ற வசதி என்று வைத்து வாங்கியது கட்டணம்தான் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சுமார் நாலரைக் கோடி சேவை வரி. அவ்வளவு பெரிய இடத்துக்கே கைகொடுக்காத வழி உங்களுக்கு எதற்கு?

இனி பேச்சு. அவர் அச்சடிக்கக் கொடுக்கவிருந்த நோட்டீஸை எடுத்துக் காட்டினார். "சர்க்கரை, தைராய்டு, பிசிஓடி, மூட்டுவலி: 48 நாளில் நிரந்தரத் தீர்வு." நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆசனம் சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில், நோய்க்குச் சிகிச்சை தருவது வேறு தொழில். இரண்டாவதைச் செய்கிறேன் என்று போர்டு போட்டால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 குறுக்கே வரும், சிகிச்சை தருபவர் யார் என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம் படித்து, மருத்துவராகப் பதிவுசெய்துகொண்டு வருகிறார்கள். அப்படி ஒருவரை வாரம் ஒரு நாள் வரவழைத்தால் அது வேறு. நாமே "தெரபி" என்று எழுதிக்கொண்டால் அது வம்பு. தீர்வு என்று உறுதி சொல்லி விளம்பரம் செய்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 10 லட்சம் வரை அபராதம் போக முடியும், மறுபடி செய்தால் 50 லட்சம். வகுப்போடு மூலிகைப் பொடியும் விற்று, இது சர்க்கரையைக் குணமாக்கும் என்றால், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம். அதன் பட்டியலில் 54 நோய்கள், சர்க்கரையும் புற்றுநோயும் உட்பட. "மூட்டுகளுக்கு மெதுவான பயிற்சி, மருத்துவர் ஆலோசனையோடு வாருங்கள்" என்று எழுதினால் ஆட்கள் குறைவாக வருவார்கள் என்று பயப்படுகிறார். வரட்டுமே. வருகிறவர்கள் ஏமாறாமல் வருவார்கள்.

சேர்வதற்கு முன் உடல்நலம் கேட்டறிவது எந்தச் சட்டப் பிரிவிலும் இந்த வார்த்தைகளில் இல்லை. ஆனால் நாளைக்கு ஒருவருக்கு ஏதாவது ஆகிக் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வி இதுதான்: கேட்டீர்களா? ரத்த அழுத்தம், இதயம், முதுகெலும்பு, சமீபத்திய ஆபரேஷன், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள். இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், கண். நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் யோகா செய்யும் 75 பேரைச் சிரசாசனத்தில் நிறுத்திக் கண் அழுத்தத்தை அளந்தார்கள். அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியது. 2006-ல் வெளியான ஆய்வு, நம் ஊரிலேயே செய்தது. கண் நீர் அழுத்த நோய் பலருக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவரைச் சுவரில் சாய்த்துத் தலைகீழாக நிறுத்துவதற்கு முன் கண் டாக்டரைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்.

இந்தக் கேள்விகளை ரிசப்ஷனில் வரிசையில் நிற்கவைத்து எல்லோர் காதிலும் விழக் கேட்கக் கூடாது. 1976-ல் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய மந்தைவெளி கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தில், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து விசாரித்து, அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சியைத் தருவதுதான் வழக்கம். சின்ன சென்டருக்கும் அது முடியும், ஒரு திரையும் இரண்டு நாற்காலியும் போதும். எழுதி வாங்கிய படிவம் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது, அதன் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. கூகுள் ஃபார்மில் வாங்கியதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இந்த மாசம் எடை குறைத்தவர்கள்" என்று பெயரோடு பாராட்டுவது, சம்மதம் வாங்காவிட்டால், சட்டப் பிரச்சினையாகலாம்.

"என் சொந்தப் பொறுப்பில் சேர்கிறேன்" என்று கையெழுத்து வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், பாதிதான். ஆபத்தைச் சொல்லி, புரியவைத்து வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆசிரியரின் கவனக்குறைவுக்கு அது கவசமாகாது. "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியும் அப்படியே. சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த வரி நிற்காது.

கடைசியாகக் கை. முதுகை நேராக்க, இடுப்பைத் திருப்ப ஆசிரியர் தொடுவது வகுப்பில் சகஜம். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும், எல்லோரிடமும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அதில் பாதிக்கப்பட்ட பெண் என்பவர் அங்கே பணிபுரிபவராக இருக்க வேண்டியதில்லை, வகுப்புக்கு வருகிறவரும் புகார் தரலாம். பத்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்தால் உள்ளகக் குழு அமைக்கும் கடமை இல்லை, புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவை எப்படி அணுகுவது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டு வகுப்பு, டான்ஸ் வகுப்பு மாதிரி கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கும் நடத்தினால், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும் சேரும். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம். உடை மாற்றும் அறைப் பக்கம் கேமரா திரும்பக்கூடக் கூடாது.

இசைக்கு உரிமம் வேண்டுமா என்றும் கேட்டார். ஆசனத்துக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. அமெரிக்காவில் பிக்ரம் சௌத்ரி தன் 26 ஆசன வரிசைக்குக் கோரியபோது 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் சவாசனத்தில் ஓடவிடும் புல்லாங்குழல் ரெக்கார்டுக்கு உரிமையாளர் உண்டு. கட்டண வகுப்பில் ஒலிக்கவிட்டால் உரிமம் வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பத்து நிமிடம் ஃபேன் சத்தமே போதும்.

அவர் தரைத்தளத்தை எடுப்பதாக முடிவுசெய்தார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. சந்தில் சாய்தளம் போடவும் கழிப்பறைச் சுவரை நகர்த்தவும் சம்மதம், வணிக மீட்டர், சொத்து வரி மாற்றம் ஆகிய நான்கையும் ஓனர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த பிறகுதான் கொடுப்பார். நீங்களும் ஒரு ஹால் பார்த்து வைத்திருந்தால், நாளைக் காலை ஓர் அளவு டேப்போடு போங்கள். முதலில் வாசல்படியின் உயரத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வருகிற நீளத்துக்கு அந்த மனையில் இடம் இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.